விழுப்புரம் மாவட்டத்துக் கழுவெளி ஏரிப் பக்கம் போனவர்கள் எழுதுங்கள்

லாஸ்பேட்டைக்காரன்:
மார்ச் மாதம், கல்லூரிக் குழுவோடு போயிருந்தேன். தண்ணீரின் உப்பை அளக்க இரவல் வாங்கிய ரிஃப்ராக்டோமீட்டர். கண்ணாடிமேல் ஒரு சொட்டு விட்டு வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால், நீலமும் வெள்ளையும் சேரும் கோடு 18-இல் நின்றது, அதாவது ஆயிரத்துக்கு 18 பங்கு உப்பு. கூடையோடு நின்ற ஒரு பெரியவர், நாங்கள் மூன்று பேரும் மாறி மாறிப் பார்ப்பதைக் கவனித்துவிட்டு, குனிந்து விரலை நனைத்து நாக்கில் வைத்தார். துப்பினார். "பாதிக் கடலு தம்பி." கடல்தண்ணீர் ஏறக்குறைய 35! தூக்கிவாரிப் போட்டது. நாங்களோ 18 என்று மட்டும் எழுதிக்கொண்டு வந்துவிட்டோம். முன்பெல்லாம் அந்த ருசி எந்த மாதத்தில் வரும் என்று அவரிடம் கேட்கத் தோன்றவில்லை. இன்னும் உறுத்துகிறது.

உப்பங்காத்து:
18 சரி, எங்கே எடுத்தீர்கள்? ஏரி கடலோடு சேரும் எடையந்திட்டு முகத்துவாரப் பக்கமா, வயல் தண்ணீர் இறங்கும் பக்கமா? ஒரு பக்கம் கரிக்கும், மறுபக்கம் மாடு குடிக்கும். இடம் எழுதாத எண்ணை எந்த அதிகாரியிடம் காட்டுவீர்கள்? என் கதை சின்னது. இறால் குட்டைக்கு மேல் கட்டிய வலையில் ஒரு கொக்கு, ஒற்றைக் காலில் தலைகீழாக. காவலாளிதான் கத்தியால் அறுத்துவிட்டார். "முதலாளிக்குத் தெரிய வேணாம் சார்." படம் இருக்கிறது. அனுப்பினால் அவர் வேலை போகும். அனுப்பவில்லை.

முத்தியால்பேட்டை அக்கா:
பூநாரை பார்க்கப் போனேன். பையன்கள் ட்ரோன் விட்டார்கள், அத்தனையும் எழும்பிப் போய்விட்டன. அவ்வளவுதான். ஆனால் ஜனவரி நீர்ப்பறவைக் கணக்கெடுப்புக்குப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். முதலில் பத்துப் பறவைகளை எண்ணுங்கள். அந்தப் பத்து எவ்வளவு இடம் அடைக்கிறது என்று கண்ணில் பதித்துக்கொண்டு, அதையே அளவாக வைத்துக் கூட்டத்தை அளந்துகொண்டே போங்கள். எழும்பி இடம் மாறினதை மறுபடி எண்ணாதீர்கள். பறவைக் கணக்கைப் பதியும் இ-பேர்ட் இணையதளத்தில் பதிவு போடும்போது 'நிறைய' என்று எழுதி யாருக்கும் பயனில்லை. அப்புறம், 2021-இல் சரணாலயம், 2024-இல் ராம்சர் என்ற உலக ஈரநிலப் பட்டியல், இனி அரசாங்கம் பார்த்துக்கொள்ளும் என்று நினைக்கிறவர்களே, 5,151 ஹெக்டேரை எத்தனை வனக்காவலர் சுற்றிவருவார்கள்? வருடா வருடம் நாம் எண்ணி வைத்தால்தான், குறைந்தது என்று நாளைக்குச் சொல்லவாவது முடியும். செருப்பு வேண்டாம், சேறு பிடுங்கிக்கொள்ளும்.

லாஸ்பேட்டைக்காரன்:
அக்கா, நாங்கள் பறவை எண்ணப் போகவே இல்லை.
உப்பங்காத்து, வயல் பக்கம்தான். மாடு குடிக்கும் என்றீர்களே, அதே பக்கம்.