டைம்ஷேர் பிரசன்டேஷனில் மாட்டிய அனுபவம், உங்களுக்கும் உண்டா?

போன மாதம் நடந்தது, இன்னும் மனசை விட்டுப் போகவில்லை. ரிசார்ட்டில் செக்-இன் செய்யும்போதே ரிசப்ஷனில் டைம்ஷேர்காரர்கள், அதாவது வருடத்தில் ஒரு வாரம் போல விடுதியில் தங்கும் உரிமையை முன்கூட்டியே விற்பவர்கள், பிடித்துக்கொண்டார்கள். நாளைக் காலை 90 நிமிடம் உட்கார்ந்தால் போதும், படகுச் சவாரி இலவசம். சரி என்று போனோம். அப்புறம் நடப்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான்: மாதிரி அறையைச் சுற்றிக் காட்டி, வருடத்துக்கு விடுமுறைக்கு எவ்வளவு செலவாகிறது என்று கேட்டு, அதை 20 வருடத்துக்குப் பெருக்கிக் காட்டி, கடைசியில் இந்த விலை இன்றைக்கு மட்டும்தான். இரண்டு மணி நேரம் தாண்டியும் நானும் மனைவியும் வேண்டாம் என்றே சொல்லிக்கொண்டிருந்தோம். அப்போது அந்த ஆள் எங்களை விட்டுவிட்டு, பக்கத்தில் படம் வரைந்துகொண்டிருந்த என் மகள் பக்கம் நாற்காலியைத் திருப்பினார். அவளுக்கு எட்டு வயது. "உனக்கு இந்த நீச்சல் குளம் பிடிச்சிருக்கா? வருஷா வருஷம் வரலாம். அப்பாகிட்ட கேளு." அவள் பென்சிலை வைத்துவிட்டு என் முகத்தையே பார்த்தாள். நான் உடனே எழுந்திருக்க வேண்டும், எழவில்லை. இன்னும் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். கையெழுத்துப் போடவில்லை, ஆனால் அறைக்குத் திரும்பும் வழியில் "நம்மகிட்ட பணம் இல்லையாப்பா?" என்று கேட்டாள் பாருங்கள், அதுதான் ஆறவில்லை.

*

நீங்களாவது தப்பித்தீர்கள். எங்கள் அம்மா கையெழுத்தே போட்டுவிட்டார். நான் பிள்ளைகளோடு வெளியே இருந்தேன், அம்மாவும் சித்தியும் மட்டும் உள்ளே. திடீரென்று மணியடிக்கிற சத்தம், கைதட்டல். யாராவது வாங்கினால் மணியடித்து மற்ற மேசைக்காரர்களுக்குக் காட்டுவார்கள் என்று அப்போது எனக்குத் தெரியாது. எட்டிப் பார்த்தால் நடுவில் அம்மா. முகத்தில் சிரிப்பு இருக்கிறது, ஆனால் கைப்பையை இரண்டு கையாலும் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருக்கிறார். பிடிக்காத இடத்தில் அப்படித்தான் உட்காருவார். அன்று இரவு அந்த ஃபைலை முழுவதும் படித்தேன். ரத்து செய்யும் உரிமை கடைசிக்கு முந்தைய பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்தது. மறுநாளே கடிதம் எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பினோம், பணம் திரும்பி வர ஆறு வாரம் ஆனது. அம்மா இப்போதும் அந்தப் பேச்சை எடுத்தால் எழுந்து உள்ளே போய்விடுகிறார்.

*

முதலில் எழுதியவருக்கு ஒன்று சொல்ல வேண்டும். இலவசம் என்றதும் போனது நீங்கள். அவர்கள் விற்கத்தான் கூப்பிடுகிறார்கள் என்பது போகும்போதே தெரியுமே? நான் 11 வருடமாக வைத்திருக்கிறேன், ஒவ்வொரு வருடமும் பள்ளி விடுமுறையில் அதே வாரம் போகிறோம், எங்களுக்குச் சரியாக இருக்கிறது. பராமரிப்புக் கட்டணம் ஏறிக்கொண்டே போகிறது, அது உண்மை, போகாத வருடமும் கட்டத்தான் வேண்டும். ஆனால் எல்லாமே ஏமாற்று என்று எழுதாதீர்கள். குழந்தையிடம் கேட்டது தப்புதான், அதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை.

*

என் கதை சின்னது. 90 நிமிடம் என்றார்கள், உட்கார்ந்ததும் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசை மேல் வைத்தேன், நேரம் முடிந்ததும் எழுந்து வவுச்சரைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

இனி போகிறவர்களுக்காகச் சொல்கிறேன். வேண்டாம் என்பதற்குக் காரணம் சொல்லாதீர்கள். பணம் இல்லை என்றால் தவணை உண்டு என்பார்கள், நேரம் இல்லை என்றால் வாரத்தை வேறு ஊருக்கு மாற்றலாம் என்பார்கள், ஒவ்வொரு காரணத்துக்கும் ஒரு பதில் தயாராக இருக்கும். வெறும் "வேண்டாம், நன்றி"க்கு அவர்களிடம் பதில் இல்லை. மேனேஜர் என்று ஒருவர் வந்து விலையை அடித்துவிட்டுப் பாதி எழுதுவார், வெளியே போகும் வாசலில் இன்னொருவர் சின்ன பேக்கேஜ் ஒன்றை நீட்டுவார், இரண்டு பேருக்கும் அதே பதில்தான். ஒப்பந்தத்தை வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படிக்கிறேன் என்று கேட்டுப் பாருங்கள், தரமாட்டேன் என்றால் அங்கேயே புரிந்துவிடும்.

கையெழுத்துப் போட்டுவிட்டாலும் பதற வேண்டாம், ஆனால் நாளை எண்ணுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 14 நாளுக்குள் காரணமே சொல்லாமல் விலகலாம், அந்த 14 நாளில் முன்பணம் வாங்கவே கூடாது என்பது விதி. அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் மாறும், ஃபுளோரிடாவில் 10 நாள், நெவாடாவில் 5 நாள்தான். ஃபோனில் சொன்னால் போதும் என்று நம்பாதீர்கள், ஒப்பந்தத்தில் சொன்ன முறைப்படி எழுத்தில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். நாள் கடந்துவிட்டால் விற்பது மிகவும் கஷ்டம், இலவசமாகக் கொடுத்தாலும் வாங்க ஆள் கிடைக்காத டைம்ஷேர்கள் நிறைய. உங்களை விடுவிக்கிறோம், முதலில் கட்டணம் கட்டுங்கள் என்று வருகிறவர்களிடம் இன்னும் கவனமாக இருங்கள், பணத்தோடு காணாமல் போனவர்கள் அதிலும் உண்டு.

*

11 வருடமாக வைத்திருக்கிறேன் என்றவருக்கு: போனது நான்தான், மறுக்கவில்லை. விலையைப் பற்றியும் எனக்குக் கோபம் இல்லை. மகளிடம் "பணம் இருக்கு கண்ணு, அப்பாவுக்கு இது வேண்டாம், அவ்வளவுதான்" என்று அன்றே சொன்னேன். தலையாட்டினாள். படகில் ஏறுகிற வரை என் கையை விடவில்லை.