ஆறாவது போனால் காலை உணவு உண்டா?

கேள்வி (பேரணாம்பட்டு):
மகள் அரசுப் பள்ளியில் ஐந்தாவது. ஷூ கம்பெனி வேனைப் பிடிக்க நான் விடியும் முன்பே கிளம்பிவிடுவேன். பள்ளியில் தரும் பொங்கல், கிச்சடிதான் அவளுக்குக் காலைச் சாப்பாடு. ஆறாவதிலும் தருவார்களா?

பதில் (குடியாத்தம், சத்துணவு சமையலர்):
இல்லம்மா, காலை உணவு 1 முதல் 5 வரைதான். மதியச் சத்துணவு 10ஆம் வகுப்பு வரை உண்டு, முட்டையோடு. முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம். சேர்த்ததும் வகுப்பு ஆசிரியரிடம் பெயர் கொடுத்துவிடு. நான் சமைக்கும் பள்ளியில் ஆறாவது பிள்ளைகள்தான் மணி அடித்ததும் தட்டோடு முதலில் வருகிறார்கள். காலையில் சாப்பிடாதது முகத்திலேயே தெரியும். பார்க்க மனசு கேட்கவில்லை. வளரும் வயதில்தானே பசி அதிகம்? எட்டாவது வரையாவது நீட்டிக்க வேண்டும்.

பதில் (காட்பாடி):
நீட்டிக்க முடியும். எம்.ஜி.ஆர். 1982இல் சத்துணவைத் தொடங்கியபோது சின்னப் பிள்ளைகளுக்குத்தான் இருந்தது. 1984இல் 15 வயது வரை வந்தது. காலை உணவும் 2022இல் சில பள்ளிகளில் தொடங்கி, 2023இல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. பள்ளி மேலாண்மைக் குழுவில் பேசுங்கள், தீர்மானம் போட்டு அனுப்பலாம்.

கேட்டவர்:
சரி அண்ணா, அடுத்த கூட்டத்துக்கு லீவு போட்டுப் போகிறேன். அக்கா, பெயர் கொடுக்க ஆதார் நகல் வேண்டுமா?