பெர்த்: செட்டில்மென்ட் நெருங்குகிறது, பாஸ்போர்ட்டில் ஒரு பெயர், லோன் பத்திரத்தில் ஒரு பெயர். உதவி தேவை

கேன்னிங்வேல்காரன்:
வணக்கம். பெர்த்தில் எங்கள் முதல் வீட்டை வாங்குகிறோம். கட்டி நாளான வீடு. நானும் மனைவியும் பிஆர் (நிரந்தரக் குடியுரிமை பெற்றவர்கள்). லோன் அப்ரூவல், கட்டட, கரையான் சோதனை எல்லாம் முடிந்து ஒப்பந்தம் உறுதியாகிவிட்டது. செட்டில்மென்ட்டுக்கு, அதாவது பணம் கைமாறி வீடு எங்கள் பெயருக்கு வரும் நாளுக்கு, இன்னும் இரண்டு வாரம்தான். அந்த வேலைகளைப் பார்க்க செட்டில்மென்ட் ஏஜென்ட் ஒருவரை அமர்த்தியிருக்கிறோம்.

அடையாளச் சரிபார்ப்புக்குப் போஸ்ட் ஆபீஸ் போனால் திருப்பி அனுப்பிவிட்டார்கள். காரணம் நம் ஊர்ப் பெயர்க் கதைதான். என் இந்திய பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டம் காலி, என் பெயரும் அப்பா பெயரும் சேர்ந்து கிவன் நேம் கட்டத்தில் இருக்கின்றன. டிரைவிங் லைசென்ஸில் அப்பா பெயர் சர்நேமாகிவிட்டது. பேங்க்காரர் லோன் பத்திரத்தில் அதைத் தலைகீழாகப் போட்டு, என் பெயரைச் சர்நேம் ஆக்கியிருக்கிறார். வீடு வாங்கும் ஒப்பந்தத்தில் லைசென்ஸில் உள்ளபடி இருக்கிறது. எதை எதோடு ஒத்துப்போக வைப்பது?

அப்புறம், செட்டில்மென்ட் அன்று மாலையே பால் காய்ச்ச நாள் குறித்தாயிற்று. ஊரிலிருந்து மாமனார், மாமியார் வந்துவிட்டார்கள். சாமான் லாரியும் அன்றைக்குத்தான். விற்பவர் குடும்பம் இன்னும் அந்த வீட்டில்தான் இருக்கிறது. இதில் ஏதாவது சிக்கல் வருமா?

தோசைமாவு:
லாரியை முதலில் ரத்து செய்யுங்கள். மேற்கு ஆஸ்திரேலியாவில் எல்லோரும் பயன்படுத்தும் பொது நிபந்தனைகளின்படி, விற்பவர் அந்த வீட்டிலேயே குடியிருந்தால் செட்டில்மென்ட்டுக்கு மறுநாள் மதியம் 12 மணிக்குள் காலி செய்து கொடுத்தால் போதும். உங்கள் ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால்தான் அன்றே சாவி. பால் காய்ச்ச வேறு நல்ல நேரம் பாருங்கள், மாமியாரிடம் நீங்களே பக்குவமாகச் சொல்லுங்கள்.

சிட்னி சித்தப்பா:
இவ்வளவு பெரிய விஷயத்துக்கு ஏஜென்ட்டா? பேசாமல் வக்கீலைப் பிடியுங்கள் தம்பி.

கோப்புக்காரி:
பெர்த்தில் செட்டில்மென்ட் அலுவலகம் ஒன்றில் வேலை பார்க்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

சித்தப்பா, அது உங்கள் ஊர் வழக்கம். இங்கே செட்டில்மென்ட் ஏஜென்ட் என்பது 1981ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் உரிமம் வாங்கிச் செய்யும் தொழில், பெரும்பாலான வீடுகள் இப்படித்தான் கைமாறுகின்றன. தகராறு என்று வந்தால் வக்கீல் வேண்டும், எங்களால் அதற்குள் போக முடியாது. பெயர்க் குழப்பம் தகராறு இல்லை.

கேன்னிங்வேல்காரரே, ஏஜென்ட்டுக்கு இன்றே போன் செய்யுங்கள், மின்னஞ்சலோடு நிறுத்தாதீர்கள். பாஸ்போர்ட், லைசென்ஸ், ஒப்பந்தம், லோன் பத்திரம் நான்கிலும் பெயர் இருக்கும் பக்கத்தைப் படமெடுத்து ஒன்றாக அனுப்புங்கள். லேண்ட்கேட்டில் (இங்குள்ள நிலப் பதிவு அலுவலகம்) பட்டாவில் ஏறப்போகும் பெயர் எது என்பதை அவர் முடிவு செய்யட்டும், மற்றதெல்லாம் அதற்குப் பின்னால் வரட்டும். வீட்டை உங்கள் பெயருக்கு மாற்றும் பத்திரமும் பேங்க்கின் அடமானப் பத்திரமும் எழுத்துக்கு எழுத்து ஒரே பெயரில் இருக்க வேண்டும். ஒப்பந்தத்தில் திருத்தம் என்றால் இரு தரப்பும் ஒரு பக்கத்தில் கையெழுத்துப் போட்டால் முடிந்தது. லோன் பத்திரம் அப்படியில்லை, பேங்க் அதைப் புதிதாக அச்சிட்டு, நீங்கள் மறுபடி கையெழுத்திட்டு, அவர்கள் மறுபடி சரிபார்க்க வேண்டும். நாள் தின்னும் இடம் அதுதான், எனவே அதை முதலில் தொடங்குங்கள். லைசென்ஸைத் திருத்தும் வேலையை இப்போது எடுக்காதீர்கள்.

அடையாளச் சரிபார்ப்பைப் போஸ்ட் ஆபீஸில்தான் செய்ய வேண்டும் என்றில்லை. ஏஜென்ட்டே உங்களை நேரில் பார்த்துச் செய்யலாம். கவுன்டரில் இருப்பவருக்குக் கணினி சொல்வதுதான் வேதம், ஏஜென்ட்டுக்குக் கேட்டு விசாரிக்க இடமிருக்கிறது. இரண்டு பெயரும் ஒரே ஆளுடையவைதான் என்று ஸ்டாட்யூட்டரி டிக்ளரேஷன் (சாட்சி முன் கையெழுத்திடும் உறுதிமொழி) கேட்கலாம். வாசகத்தை ஏஜென்ட்டிடமே வாங்குங்கள், நீங்களாக எழுதிக்கொண்டு சாட்சிக் கையெழுத்துக்கு ஜேபியிடம் (ஜஸ்டிஸ் ஆஃப் தி பீஸ்) போய் நிற்காதீர்கள். அதைப் பேங்க்கும் ஏற்குமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

இன்னொன்று. பேங்க்கில் உங்கள் கோப்பைப் பார்ப்பவர் அநேகமாக சிட்னியிலோ மெல்போர்னிலோ உட்கார்ந்திருப்பார். அங்கே நம்மைவிட 2 மணி நேரம் முன்னால், கோடையில் 3 மணி நேரம். பெர்த்தில் மதியச் சாப்பாடு முடித்து நீங்கள் போன் எடுக்கும்போது அவர் பையைத் தூக்கியிருப்பார். காலையில் கூப்பிடுங்கள். அங்கும் இங்கும் விடுமுறை நாட்களும் வேறு வேறு, காலண்டரைப் பாருங்கள்.

கேன்னிங்வேல்காரன்:
மிக்க நன்றி அக்கா. ஏஜென்ட்டிடம் பேசிவிட்டேன், நாளைக் காலை நேரில் வரச் சொன்னார். லோன் பத்திரத்தைத் திருத்த, லோன் வாங்கித் தந்த புரோக்கர் மூலம் பேங்க்குக்குச் சொல்லியாயிற்று.

ஒரு கேள்வி. நாங்கள் கையிலிருந்து போட வேண்டிய மீதித் தொகையை ஏஜென்ட் ஒரு கணக்காக அனுப்பியிருக்கிறார். புரோக்கர் சொன்னதைவிடக் கூடுதலாக இருக்கிறது. ஏமாற்றுகிறாரா?

கோப்புக்காரி:
அநேகமாக இல்லை. வித்தியாசம் வழக்கமாக இரண்டு இடத்தில் ஒளிந்திருக்கும். லோன் தொகை முழுவதும் வந்து சேராது, பேங்க் தன் கட்டணங்களைப் பிடித்துக்கொண்டு மிச்சத்தைத்தான் அனுப்பும். கையிருப்பு முன்பணம் 20 சதவீதத்துக்குக் குறைவு என்றால் லோன் இன்சூரன்ஸையும் சில பேங்க்குகள் அதிலேயே கழிக்கும். இரண்டாவது, வரிகளைப் பங்கு பிரிப்பது. கவுன்சில் வரி ஜூலை 1 முதல் ஜூன் 30 வரைக்குமானது. விற்பவர் முழு ஆண்டுக்கு 2,190 டாலர் கட்டிவிட்டார் என்று வையுங்கள், நாளுக்கு 6 டாலர். உங்களுக்குச் சொந்தமான பிறகு அந்த ஆண்டில் 100 நாள் மீதி என்றால் 600 டாலரை நீங்கள் அவருக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும். தண்ணீர்க் கட்டணமும் இப்படித்தான், ஸ்ட்ராட்டா வீடு (பொது இடங்களைப் பலர் பகிரும் குடியிருப்பு) என்றால் அதன் சந்தாவும் சேரும். இதோடு முத்திரை வரி, லேண்ட்கேட் கட்டணம், ஏஜென்ட் கூலி. கணக்கை ஒவ்வொன்றாகப் பார்த்துப் புரியாததைக் கேளுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டார்.

முதல் வீடு என்கிறீர்கள், முதல் வீட்டுக்கான முத்திரை வரிச் சலுகைக்கு உங்கள் விலை உட்படுமா, விண்ணப்பம் போய்விட்டதா என்று கேட்டீர்களா? விற்பவர் வரிக்கணக்கில் ஆஸ்திரேலியவாசிதான் என்று வரித்துறை தரும் சான்றிதழ் வந்துவிட்டதா என்றும் கேளுங்கள். 2025 ஜனவரி 1 முதல் வீட்டின் விலை எவ்வளவாக இருந்தாலும், விற்பவர் அந்தச் சான்றிதழைச் செட்டில்மென்ட்டுக்கு முன் கொடுக்காவிட்டால் விலையில் 15 சதவீதத்தை வாங்குபவர் பிடித்து வரித்துறைக்குக் கட்ட வேண்டும். அவர் வீடு, அவர் வரி, ஆனால் பிடிக்கும் பொறுப்பு உங்கள் தலையில்.

மேற்கத்தியான்:
பணம் அனுப்பும்முன் ஒரு வார்த்தை. கணக்கு எண் மாறிவிட்டது என்று ஏஜென்ட் பெயரில் மின்னஞ்சல் வந்தால் நம்பாதீர்கள். மின்னஞ்சலுக்குள் புகுந்து, அதே எழுத்து நடை, அதே கையொப்பத்தோடு வேறு கணக்கு எண்ணை அனுப்பும் மோசடி வீடு வாங்குபவர்களைக் குறிவைத்தே நடக்கிறது. எண் மாறாவிட்டாலும் சரி, ஆரம்பத்தில் அவர் நேரில் கொடுத்த கார்டில் உள்ள நம்பருக்குக் கூப்பிட்டு, பிஎஸ்பியையும் (பேங்க் கிளை எண்) கணக்கு எண்ணையும் அவரை வாய்விட்டு வாசிக்கச் சொல்லிச் சரிபாருங்கள். மின்னஞ்சலில் உள்ள நம்பருக்கு அல்ல, அதுவும் திருடன் போட்டதாக இருக்கலாம்.

பேங்க் ஆப்பில் ஒரு நாளைக்கு இவ்வளவுதான் அனுப்பலாம் என்று வரம்பு இருக்கும். அதை இப்போதே ஏற்றி வையுங்கள். ஊரிலிருந்து அப்பா அனுப்பும் பணம் ஏதாவது இதில் சேர்ந்திருந்தால், அது வந்து சேர்ந்த பிறகுதான் அது பணம்.

கேன்னிங்வேல்காரன்:
வரம்பு விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை, நன்றி அண்ணா. ஏஜென்ட் பாஸ்போர்ட்டை அடிப்படையாக வைத்து டிக்ளரேஷன் வாங்கிக்கொண்டார், பேங்க்கும் சரி என்றது. திருத்திய பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாயிற்று. கடைசி முறை வீட்டைப் பார்க்கப் போகும்போது எதைப் பார்ப்பது?

தோசைமாவு:
செட்டில்மென்ட்டுக்கு முந்தைய 5 வேலை நாட்களுக்குள் ரியல் எஸ்டேட் ஏஜென்ட்டோடு போய்ப் பார்க்கலாம். பெயின்ட்டைப் பார்க்காதீர்கள், அதையெல்லாம் வாங்கும்போதே பார்த்தாயிற்று. எல்லாக் குழாயையும் திறங்கள், வெந்நீர் வருகிறதா என்று பாருங்கள், ஏசியை ஒவ்வோர் அறையிலும் ஓட்டுங்கள், அடுப்பின் எல்லா பர்னரையும் பற்றவையுங்கள், தோட்டத்து ரெட்டிக்கை (தானியங்கி நீர்ப்பாசனம்) பகுதி பகுதியாக ஓட விடுங்கள். மீட்டர் பெட்டியைத் திறந்து இரண்டு ஆர்சிடி (மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்மோக் அலாரம் மின்சாரத்தில் ஓடுவதாகவும், 10 ஆண்டைத் தாண்டாததாகவும் இருக்க வேண்டும். ரியல் எஸ்டேட் ஏஜென்ட்டை விட்டுத் திருகிக் கழற்றச் சொன்னால் பின்பக்கத்தில் தேதி இருக்கும். இவை இரண்டையும் விற்பவர்தான் செய்து கொடுக்க வேண்டும், சட்டம்.

கோப்புக்காரி:
ஏதாவது ஓடவில்லை என்றால் படமெடுத்து அன்றே உங்கள் செட்டில்மென்ட் ஏஜென்ட்டுக்கு அனுப்புங்கள். செட்டில்மென்ட் அன்று காலையில் சொன்னால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. ஒப்பந்தத்தில் மின்சாரம், கேஸ், பிளம்பிங் சாதனங்கள் வேலை செய்யும் நிலையில் இருக்க வேண்டும் என்ற சிறப்பு நிபந்தனை இருக்கிறதா பாருங்கள். பெரும்பாலும் சேர்த்திருப்பார்கள். இருந்தால் உங்கள் பக்கம் பலம். ஏசி ஓடவில்லை என்பதற்காகச் செட்டில்மென்ட்டையே நிறுத்துவேன் என்று கிளம்பாதீர்கள். உங்களால் 3 வேலை நாளுக்கு மேல் தாமதமானால் வட்டி கேட்க விற்பவருக்கு உரிமை வந்துவிடும். பழுதுபார்க்கும் செலவை எழுத்தில் ஒப்புக்கொள்ள வைப்பதுதான் நடைமுறை.

அன்றைக்கு நீங்கள் எங்கும் போக வேண்டியதில்லை. பெக்ஸா என்ற இணையத்தளத்தில் இரு ஏஜென்ட்டும் இரு பேங்க்கும் குறித்த நேரத்துக்கு முன் கையெழுத்திட்டுத் தயாராக இருக்க வேண்டும். ஒருவர் தயாராகவில்லை என்றாலும் நேரம் தள்ளிப்போகும். போனை மட்டும் அணைக்காமல் வையுங்கள்.

கவுன்சிலுக்கும் தண்ணீர் நிறுவனத்துக்கும் உரிமையாளர் மாறியதை ஏஜென்ட் தெரிவித்துவிடுவார். சினர்ஜி மின்கணக்கும் கேஸ் கணக்கும் உங்கள் வேலை. கட்டட இன்சூரன்ஸ் செட்டில்மென்ட் தேதியிலிருந்து தொடங்க வேண்டும், அதில் பேங்க்கின் பெயரும் வர வேண்டும். அந்தச் சான்றிதழ் இல்லாமல் சில பேங்க்குகள் பணத்தை விடாது.

மேற்கத்தியான்:
கேஸ் கணக்கு தாமதமானால் கேம்பிங் அடுப்பில் பால் காய்ச்சுங்கள், பொங்கினால் போதும். கணபதி ஹோமமும் உண்டு என்றால் ஸ்மோக் அலாரத்துக்கு நேர் கீழே வைக்காதீர்கள். அது மின்சாரத்தில் ஓடுவது, பேட்டரியைக் கழற்றினாலும் நிற்காது.

கேன்னிங்வேல்காரன்:
ஹோமம் உண்டு. பின்பக்கக் கூரையடியில் வைத்துக்கொள்கிறோம். இன்சூரன்ஸ் சான்றிதழை இப்போதுதான் பேங்க்குக்கு அனுப்பினேன்.