சப்பீனாவ எதிர்த்து கோர்ட்டுக்கு போனா யாருக்கு லாபம்?

வெட்டிவக்கீல்:
அமெரிக்கால ஃபெடரல் சப்பீனா (ஆவணத்த குடு, இல்ல வந்து சாட்சி சொல்லுன்னு வர்ற உத்தரவு) வந்தா எதிர்த்து கோர்ட்டுக்கு போகலாம்தான், ஆனா பலன் பெரிய கைகளுக்கு மட்டும்தான். அப்போ ஜனாதிபதியா இருந்த ட்ரம்ப்போட கணக்கு வழக்க கேட்டு மஸார்ஸ் ஆடிட் கம்பெனிக்கு ஹவுஸ் (நாடாளுமன்ற கீழ்சபை) கமிட்டி 2019 ஏப்ரல்ல சப்பீனா அனுப்புச்சு, சுப்ரீம் கோர்ட் 2020 ஜூலைல குடுன்னும் சொல்லல குடுக்காதன்னும் சொல்லல, நாலு விஷயத்த பாத்து மறுபடி முடிவு பண்ணுங்கன்னு கீழ்கோர்ட்டுக்கே தள்ளிவிட்டுச்சு. கடைசில 2022 செப்டம்பர்ல சமரசம். அதுக்குள்ள அந்த பதவிக்காலமே முடிஞ்சுபோச்சு!

மொட்டைமாடி77:
பாஸ் அது காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) அனுப்புனது, அதிகாரப் பிரிவினை சண்டை. கிராண்ட் ஜூரி (குத்தம் சாட்டலாமான்னு விசாரிக்கிற பொதுமக்கள் குழு) சப்பீனா பக்கம் வாங்க, அங்க இழுத்தடிக்கிறதெல்லாம் ஈஸி இல்ல. ஃபெடரல் கிரிமினல் நடைமுறை ரூல் 17 படி அநியாயமா இல்ல இம்சையா இருந்தா ஜட்ஜ் ரத்து பண்ணலாம், ஆனா சம்பந்தமில்லாதத கேக்குறாங்கன்னு போனா 1991 ஆர் என்டர்பிரைசஸ் தீர்ப்புப்படி, அந்த பேப்பர்ல விசாரணைக்கு உதவுறது எதுவும் இருக்க நியாயமான வாய்ப்பே இல்லன்னு நீங்கதான் காட்டணும். விசாரணை எதப்பத்தின்னே சொல்லாம ரகசியமா நடத்துவாங்க, இதுல எங்க காட்டுறது. கோர்ட் ரொம்ப இடம் குடுக்குதுன்னு நீங்க சொல்றீங்க, பத்தலன்னு நான் சொல்றேன்.

வெட்டிவக்கீல்:
சாதாரண ஆளுக்கு பத்தலதான், அதத்தானே நானும் சொல்றேன். ரத்து பண்ண முடியாதுன்னு ஜட்ஜ் சொல்லிட்டா நேரா அப்பீல் கூட போக முடியாது, முதல்ல கீழ்ப்படிய மாட்டேன்னு நின்னு கன்டெம்ப்ட் (கோர்ட் அவமதிப்பு) வாங்கணும், 1940 காபில்டிக் கேஸ்லேர்ந்து இதான் ரூல். நிக்சனுக்கு மட்டும் 1974ல அது வேணாம்னு விட்டாங்க, ஜனாதிபதிய அப்படி நிக்க வைக்கிறது முறையில்லயாம்.

மொட்டைமாடி77:
அந்த ரூலே இழுத்தடிப்ப தடுக்கத்தான் சார். இழுக்குறாங்கன்னும் திட்டுறீங்க, இழுக்க விடாத ரூலையும் திட்டுறீங்க, ஏதாவது ஒண்ணுல நில்லுங்க. அப்புறம் நிக்சனுக்கு சலுகை குடுத்தாங்கங்கிறீங்க, ஏப்ரல் 18 சப்பீனா, ஜூலை 24 தீர்ப்பு, 8-0, வெள்ளை மாளிகை பேச்சு பதிவான டேப்ப குடுன்னுட்டாங்க. ரெண்டு வாரத்துல ராஜினாமா அறிவிப்பு.

தூக்கம்வரல:
நடுவுல ஒரு வார்த்தை. கன்டெம்ப்ட்னா சும்மா பேருக்குன்னு நினைக்காதீங்க, நியூயார்க் டைம்ஸ் ரிப்போர்ட்டர் ஜூடித் மில்லர் சோர்ஸ (தகவல் குடுத்தது யாருன்னு) சொல்ல மாட்டேன்னு 2005ல 85 நாள் ஜெயில்ல இருந்தாங்க.

மொட்டைமாடி77:
கன்டெம்ப்ட் ஆனது 2004 அக்டோபர்ல, உள்ள போனது 2005 ஜூலைல. நடுவுல அப்பீல் கோர்ட்லயும் தோத்து, சுப்ரீம் கோர்ட்டும் கேஸ எடுக்க மாட்டேன்னு சொன்னதுக்கு அப்புறம்தான். அதுவரைக்கும் வெளியதான்.

வெட்டிவக்கீல்:
அவங்க பின்னாடி ஒரு பெரிய பத்திரிகை வக்கீல் படையோட நின்னுச்சு. சின்ன கம்பெனி கணக்குப்பிள்ளைக்கு கன்டெம்ப்ட் வந்தா ஃபீஸ் யார் கட்டுவா, அவன் அப்பீல் பத்தி யோசிக்கவே மாட்டான், மறுநாளே ஃபைல தூக்கி குடுத்துருவான். 1974ல மூணு மாசத்துல முடிக்க முடிஞ்சது 2019ல ஏன் முடியல, அதுக்கும் பதில் சொல்லிட்டு போங்க.

மொட்டைமாடி77:
நிக்சன் கேஸ்ல கிரிமினல் விசாரணைக்கு தேதி குறிச்சாச்சு, சுப்ரீம் கோர்ட்டும் அப்பீல் கோர்ட்ட தாண்டி நேரா எடுத்துச்சு. கமிட்டி சப்பீனாவுக்கு அப்படி தேதி ஏது? வேகம் வேணும்னா காங்கிரஸே இதுக்குன்னு கெடு வச்சு சட்டம் போடட்டும், ஜட்ஜ திட்டி என்ன பண்ண.

வெட்டிவக்கீல்:
அந்த சட்டத்துக்கு கையெழுத்து போட வேண்டியதும் ஜனாதிபதிதான் சாமி 😂