சதுரக் கட்டத்தில் போர் வரைபடம் வரைபவர்கள் சோம்பேறிகளாம்!

நிலவறைவாசி: டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் மாதிரி பாத்திரமேற்று ஆடும் மேசை விளையாட்டுகளில் சண்டைக்கு விரிக்கும் கட்டம் போட்ட வரைபடங்களைப் பற்றி அறுமுனை நேற்று போகிற போக்கில் எழுதியது இது: "சதுரக் கட்டம் சோம்பேறிகளுக்கானது. மூலைக்கு மூலை நகர்ந்தால் தூரமே பொய்." சரி ஐயா. அறுகோணக் கட்டத்தில் ஒரு நிலவறையை வரைந்து காட்டுங்கள் பார்ப்போம். சுவரோரம் முழுக்கப் பாதி வெட்டுப்பட்ட கட்டங்கள். அதில் ஆள் நிற்கலாமா கூடாதா என்று ஒவ்வொரு சண்டையிலும் ஆட்டத்தை நடத்தும் டிஎம்மைப் பிடுங்கி எடுப்பார்கள். சதுரத்தில் சுவர், கதவு, நடைவழி எல்லாம் கோட்டின் மேல் கச்சிதமாக உட்காரும்.

அறுமுனை: கச்சிதமாக உட்காரட்டும். கணக்குக்கு வாருங்கள். ஒரு கட்டம் 5 அடி, ஒரு முறைக்கு நகரும் வேகம் 30 அடி, ஆக 6 கட்டம். நேராகப் போனால் 30 அடி. அதே 6 கட்டத்தை மூலைக்கு மூலை போனால் 42 அடி! 12 அடி இலவசம். டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 2008 பதிப்பில் மூலைக்கு மூலையையும் ஒரே கட்டமாக எண்ணும் இந்தக் கூத்தால் ஃபயர்பால் என்ற நெருப்பு மந்திரமே ஏழுக்கு ஏழு கட்டச் சதுரமாகப் போனது. சதுர நெருப்பு உருண்டை. இதற்கு மேல் நான் என்ன சொல்ல?

பகடைப்பித்தன்: 2003 மூன்றரைப் பதிப்பில் இதற்கு வழி இருந்ததே. மூலைக்கு மூலை நகரும் முதல் கட்டம் 5 அடி, அடுத்தது 10, மறுபடி 5. இப்போதைய விதிகளை வைத்து ஆடுகிறவர்களும் வேண்டுமானால் அப்படி எண்ணலாம்.

அறுமுனை: யார் எண்ணுகிறார்கள்? உங்கள் மேசையில் எண்ணுகிறீர்களா? 42 அடி.

நிலவறைவாசி: எண்ணுகிறோம். அந்த முறையில் 30 அடி செலவழித்தால் நான்கு மூலை, உண்மையில் 28 அடிக்குக் கொஞ்சம் கூட. உங்கள் அறுகோணத்தில் இரண்டு பக்கங்களுக்கு நடுவே உள்ள திசையில் போங்கள். வளைந்து வளைந்து 6 கட்டம், 30 அடி செலவு, சேர்ந்த தூரம் 26 அடி. இப்போது எது பொய்?

அறுமுனை: பேச்சை மாற்ற வேண்டாம். நான் கேட்டது 42 அடியைப் பற்றி. 1974 முதல் பதிப்பிலேயே வெளிப்பயணத்துக்கு அறுகோணப் பலகையைத்தான் வைத்தார்கள். முன்னோடிகளுக்குத் தெரியாததா உங்களுக்குத் தெரிந்துவிட்டது?

பகடைப்பித்தன்: அது காடு மலை சுற்றுகிற பயண வரைபடம். ஒரு கட்டம் 5 மைல். அதில் நின்று வாள்சண்டை போடுவீர்களா? அதே பதிப்பில் நகரும் தூரத்தை அங்குலத்தில்தான் கொடுத்திருந்தார்கள். அளவுகோல் வைத்து அளந்தால் கட்டமே தேவையில்லை.

கரிக்கோடு: வரைபடம் என்றால் கட்டம் மட்டும்தானா? ஒளிந்துகொள்ள மறைவு எங்கே, மேடு எங்கே, இரண்டாவது வாசல் எங்கே, விளக்கை அணைத்தால் என்ன ஆகும், இதை ஒருவராவது பேசினீர்களா? அறுமுனை போன வாரம் போட்ட பாலத்தைப் பார்த்தேன். 60 அடி நீளம், ஒரே கட்டம் அகலம். நான்கு பேர் ஆடுகிறார்கள். முன்னால் நிற்பவன் வெட்டுகிறான், பின்னால் மூன்று பேர் வேடிக்கை பார்க்கிறார்கள். கீழே இறங்க ஒரு கயிறு கூடக் கிடையாது. இதில் கட்டம் ஆறு முனையானால் என்ன, அறுபது முனையானால் என்ன? ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல்.

அறுமுனை: பாலம் வேண்டுமென்றே குறுகலாக வைத்தது. அதற்குப் பெயர் நெருக்கடி. ஓவியம் வரைந்துவிட்டு அதை வரைபடம் என்பவர்களுக்கு எங்கே புரியும்? உங்கள் கோயில் வரைபடத்தில் தூண் நிழல்கள் இடப்பக்கம் விழுகின்றன, படிக்கட்டு நிழல் வலப்பக்கம். இரண்டு சூரியன் உள்ள உலகமா?

கரிக்கோடு: தீப்பந்தம் நடுவில் இருக்கிறது. கண்ணைத் திறந்து பாருங்கள்.

அறுமுனை: பார்த்தேன். எரிகிற மாதிரி தெரியவில்லை.

நிலவறைவாசி: நான் கேட்ட 26 அடிக்குப் பதில்?

அறுமுனை: முதலில் 42க்கு நீங்கள் பதில் சொல்லுங்கள்.

நிலவறைவாசி: சொல்லியாயிற்று! 5, 10, 5. மேலே போய்ப் படியுங்கள். பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்றால் நான் என்ன செய்ய?

புதியடிஎம்: நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். முதல் முறையாக ஒரு குகை வரைகிறேன். ராட்சசனுக்கு வைக்கும் காய், அதாவது டோக்கன், இரண்டுக்கு இரண்டு கட்டம். வழியை எவ்வளவு அகலம் வைக்கலாம்?

கரிக்கோடு: குறைந்தது 10 அடி. அவனைச் சுற்றி வர 20 வைத்தால் நல்லது. அறுமுனையின் பாலத்தைப் பார்த்து மட்டும் வரைய வேண்டாம்.

அறுமுனை: மறுபடியும் பாலமா? அந்தப் பாலத்தில் மூன்று மேசைகள் ஆடிவிட்டன, ஒருவர் கூடக் குறை சொல்லவில்லை. புதியடிஎம், அறுகோணத்தில் வரையுங்கள்.

பகடைப்பித்தன்: அறுகோணத்தில் இரண்டுக்கு இரண்டு ராட்சசனை எங்கே நிற்க வைப்பார்?

அறுமுனை: மூன்று கட்டம் சேர்த்து நிற்க வைப்பார். இது கூடத் தெரியாமல் பேச வந்துவிட்டீர்கள்.

கரிக்கோடு: அந்த மூன்று மேசைக்கும் டிஎம் யார்?

அறுமுனை: அது இங்கே தேவையில்லாத கேள்வி.