மறு: ஹோல்டோவருக்குத் தமிழ்ல என்ன போடலாம்?

பயிற்சியாளர், பாளையங்கோட்டை:
அண்ணாச்சிமாருக்கு வணக்கம். பாயிண்ட் 22 ரைபிள் பழகுத பிள்ளைகளுக்கு ஸ்கோப் (குறி பாக்குத தொலைநோக்கி) கையேடு போடுதோம், வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போவுது, ஒரு வார்த்தைல நிக்கேன். 50 மீட்டர்ல குறி வச்ச இடத்துலயே குண்டு படுத மாதிரி ஸ்கோப்ப ஜீரோ பண்ணிட்டு சாதா வேகத் தோட்டாவ 100 மீட்டர்ல சுட்டா ஏறக்குறைய 20 சென்டிமீட்டர் தாழ விழும், அதாவது 2 மில் (ஒரு மில்னா தூரத்துல ஆயிரத்துல ஒரு பங்கு). குறிய மாத்துத டர்ரெட் குமிழத் திருகாம, நடுக்கோட்டுக்குக் கீழ உள்ள 2 மில் புள்ளிய இலக்குல வச்சு சுடுதோம்லா, அந்த ஹோல்டோவருக்கு 'மேற்பிடி' சரிதானா?

தமிழாசிரியர், அம்பாசமுத்திரம்:
வேண்டாம் தம்பி. பிடின்னா கத்திப்பிடி மாதிரி துப்பாக்கி மேல இருக்க ஏதோ உறுப்புன்னுதான் பிள்ளை நினைக்கும். குறியேற்றம்னு போடுங்க, காத்துக்கு ஒதுக்கிப் பிடிக்கதுக்கு குறிவிலக்கம். வல்வில் ஓரி விட்ட ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி எல்லாத்தையும் துளைச்சு உடும்புல போய்த் தைச்சுதே, அந்த மரபுல வந்த நமக்கு சொல்லுக்கா பஞ்சம்?

மென்பொருள்காரர், தென்காசி:
குறியேற்றம் ஏற்கனவே என்கோடிங்குக்குப் புழங்குது. யூனிகோட் குறியேற்றம்னு எத்தனை வருசமா எழுதுதோம், அதைத் தொடாதீங்க. ஹோல்டோவர்னே விடுங்களேன், கண்ண அசைச்சா ஸ்கோப் கோடு இலக்கு மேல நகருத மாதிரி தெரியுமே, அந்தப் பாரலாக்ஸுக்கு பாடப்புத்தகத்துல இடமாறு தோற்றம்னு இருக்கு, ரேஞ்சுல யாரு அப்படிச் சொல்லுதா?

பயிற்சியாளர்:
பாரலாக்ஸ அப்படியே விட்டுட்டேன், பாயிண்ட் 22 மாதிரி ரிம்ஃபயர் துப்பாக்கி ஸ்கோப்ப பொதுவா 50 கெஜத்துக்கு செட் பண்ணி வருதுன்னு ஒரு வரி, அவ்வளவுதான். ஆனா ஹோல்டோவர் தினமும் வாயில வாரது அண்ணாச்சி. "ரெண்டு ஏத்திப் பிடி"ன்னுதான் பிள்ளைகள்ட்ட கத்துதோம். அதையே 'ஏற்றுப்பிடி' ஆக்கிட்டா?

தமிழாசிரியர்:
வினைத்தொகைல வல்லினம் மிகாது. ஊறுகாய், சுடுகாடு, எதுலயாவது ஒற்று வருதா? ப் போட்டா 'ஏற்றுக்கொண்டு பிடி'ன்னு பொருள் மாறிரும். ஏற்றுபிடின்னு எழுதணும். மேற்பிடிக்குச் சொன்ன குறை இதுக்கும் உண்டு, அதனால நான் இன்னும் குறியேற்றம் பக்கந்தான்.

மென்பொருள்காரர்:
ஏற்றுபிடிக்கு என் ஓட்டு. ஆனா ப் இல்லாம வாசிச்சா நாக்கு முட்டுது, அச்சுல பாக்கவன் பிழைன்னு நினைப்பான்.

ஓய்வுபெற்ற தபால்காரர், வள்ளியூர்:
காத்துக்கு ஒதுக்குபிடி, கிட்ட உள்ளதுக்கு இறக்குபிடி, மூணும் ஒரே அச்சுல வருது. போட்டுருங்க.

பயிற்சியாளர்:
சரி, மூணையும் ஒற்று இல்லாமலே போடுதேன், பக்கத்துல ஹோல்டோவர்னும் இருக்கும்.

தமிழாசிரியர்:
ஒற்று இல்லாதது சரி. சொல்லுக்கு என் மறுப்பு அப்படியே நிக்கி, அடுத்த பதிப்புக்கு முன்ன இன்னொருக்க பேசுவோம்.