மறு: மறு: பிரேக் பேடுக்கு ஒரு சொல் (புதன் காலைக்குள்)

> 'உராய்பட்டை' வினைத்தொகை. வல்லினம் மிகாது. நேற்று ஒருவர் 'உராய்ப்பட்டை' என்று எழுதியிருந்தார், கண் கூசியது.

ஐயா, வண்டிக் கையேட்டின் தமிழாக்கத்தில் அந்த 'ப்'பை எடுத்துவிட்டேன். ஆனால் என் சிக்கல் ஒற்றில் இல்லை. சக்கரத்தோடு சுழலும் தட்டை அழுத்தி நிறுத்தும் பேடு என்பது ஒரு இரும்புத் தகடும் அதன்மேல் ஒட்டிய உராய்பொருளும் சேர்ந்தது. '3 மி.மீ. அளவுக்குத் தேய்ந்தால் மாற்று, அச்சின் இரு பக்கமும் சேர்த்து மாற்று' என்கிறது கையேடு. அந்த 3 மி.மீ. ஒட்டியதற்கு மட்டும். தகட்டையும் சேர்த்து அளக்கிறவர், இன்னும் நிறைய இருக்கிறதே என்று ஓட்டிக்கொண்டிருப்பார், அதுவும் ஆள் ஏறினால் இரண்டரை டன்னைத் தொடும் வண்டியை. முழுவதுக்கும் உராய்பட்டை என்று பேர் வைத்துவிட்டால் மேலே ஒட்டியதை என்னவென்று சொல்வது?

> திண்டு?

அக்கா, சனிக்கிழமை பட்டறையில் கேட்டுப் பார்த்தேன். மெக்கானிக் அண்ணன் பழைய பேடைக் கழற்றிக் கையில் கொடுத்தார். கரி அப்பிய ஓரத்தில் 'எஃப்எஃப்' என்று அச்சு. முதல் எழுத்து சாதாரணச் சூட்டில் உள்ள பிடிப்பு, அடுத்தது நன்றாகச் சூடேறிய பின். எஃப் என்றால் உராய்வுக் குணகம், அதாவது பிடிப்பின் அளவு, 0.35 முதல் 0.45 வரை. பேடு வாங்குகிறவர் பார்க்க வேண்டியதே அதைத்தான். 'திண்டு' என்றேன். "சாஞ்சுக்கவா?" என்றார். 'உராய்பட்டை' என்றேன். "பெல்ட்டா?"

> மாற்று உதிரிக்குச் 'சேம' என்ற அடை போதும். காண்க: புறநானூறு 102, உமணர் கீழ்மரத்து யாத்த சேம அச்சு.

அழகுதான் ஐயா. ஆனால் ஔவை சொன்னது உப்பு வணிகர் வண்டிக்கு அடியில் கட்டிக்கொண்டு போன மாற்று அச்சை, அதாவது ஸ்டெப்னியை. டிக்கியில் பேடு வைத்துக்கொண்டு யாரும் ஊர் போவதில்லை. 'சேமச் சக்கரம்' என்று தனி இழை தொடங்குங்கள், முதல் ஓட்டு என்னுடையது.

> செராமிக் = பீங்கான்.

வேண்டாம். செராமிக் பேடில் ஒரு வகை. பீங்கான் பேடு என்றால் உடைந்துவிடுமோ என்று வாங்குகிறவர் பயப்படுவார். சத்தமும் கரியும் குறைவு என்பதற்காகத்தான் செராமிக்கை எடுக்கிறார்கள். மலை இறக்கத்தில் பாரத்தோடு போகிறவருக்குச் உலோகம் கலந்த செமி மெட்டாலிக்கைக் காட்டுகிறார் நம் மெக்கானிக் அண்ணன்.

> கட்டை என்றால் மரம்.

தம்பி, பேடுக்கு நான் சொல்வது 'பிரேக் கட்டை'. முட்டுக்கட்டையும் மரம்தான், தேரையே நிறுத்துகிறது. திருவாரூர் ஆழித்தேருக்குத் திருச்சி பெல் நிறுவனம் ஹைட்ராலிக் பிரேக் பொருத்திய பிறகும் கட்டை போடுகிறவர்கள் சக்கரத்தை ஒட்டித்தானே நடக்கிறார்கள்? சைக்கிள் கடையில் ரப்பருக்கும் 'பிரேக் கட்டை' என்றுதான் பேர். அங்கே மரம் எங்கே இருக்கிறது?

ஒரு சங்கடம் மட்டும் உண்டு. பின்சக்கரத் தட்டுக்குள்ளேயே கைப்பிரேக்குக்கென்று சின்ன டிரம்மும், அதை உள்ளிருந்து அழுத்தும் வளைந்த ஷூவும் வைத்த வண்டிகள் இருக்கின்றன. கையேட்டின் ஒரே பக்கத்தில் பேடும் ஷூவும் வரும்போது இரண்டும் 'கட்டை' ஆக முடியாது. வளைந்திருப்பதால் ஷூவை 'லாடம்' என்று போட்டிருக்கிறேன். குதிரைக்காரர்கள் மன்னிக்க.

ஆக, பேடு 'பிரேக் கட்டை', ஒட்டியது 'உராய்பொருள்', ஷூ 'பிரேக் லாடம்'. நான்கு பேர் சரி என்றார்கள், இரண்டு பேர் பதிலே போடவில்லை.

> 'பிரேக்' 'தடுப்பி' ஆகும்வரை என் மறுப்பு நிற்கும்.

நிற்கட்டும் ஐயா. கோப்பு காலை 9 மணிக்குப் போகிறது.